வாங்குபவனின் அவசரம்

சித்தப்பாவுக்கு மயிலாப்பூரில் ஒரு சின்ன ஸ்டேஷனரி கடை. நோட்டு, பேனா, ஜெராக்ஸ், ஜூன் மாதத்தில் பிரவுன் அட்டை. முப்பது வருடமாக அதே கடை. போன வருடம் ஒரு வியாழக்கிழமை ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஆட்டோவில் கூட்டிப்போனோம். பித்தப்பையில் கல், சீழ் பிடிக்கும் நிலை என்றார்கள். மறுநாளே லேப்ராஸ்கோப்பி. நான்காம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். வைத்தியத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அறுவை செய்த டாக்டர் என்னை உட்காரவைத்து, ஒரு பேப்பரில் ஈரலும் பித்தப்பையும் வரைந்து பொறுமையாக விளக்கினார். நர்ஸ்கள் அவரை 'அப்பா' என்று கூப்பிட்டார்கள்.

ஆகவே நான் பேசப்போவது வைத்தியத்தைப் பற்றி அல்ல, பில்லைப் பற்றி.

மொத்தம் 1,38,400 ரூபாய். சித்தப்பாவுக்குக் காப்பீடு கிடையாது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். அவருக்கும் அதே அறுவை, அதே டாக்டர், அதே இரண்டு கட்டில் அறை. அவர் மகளும் நானும் கேன்டீனில் காபி குடிக்கும்போது பேசிக்கொண்டோம். காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய இறுதி ஒப்புதலை அவர் போனில் காட்டினார். 82,000.

"எல்லாம் சேர்த்தாங்க?"

"எல்லாம் சேர்த்துதான். டயட்டீஷியன், அட்மிஷன் கிட்டுன்னு ஒரு ஆயிரத்துச் சொச்சம் மட்டும் நாங்க கட்டினோம்."

எங்களுக்கு ஒரு நாள் கூடுதல். ராத்திரி எமர்ஜென்சியில் சேர்த்தது வேறு. நியாயமாக அதையெல்லாம் கழித்துப் பார்த்தேன். அப்படியும் நாற்பதாயிரம் வித்தியாசம் மிஞ்சியது. பில்லிங் கவுன்டரில் கேட்டேன்.

"அவங்க டாரிஃப் வேற சார். நீங்க செல்ஃப் பே."

"ஆபரேஷன் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான் சார். டாரிஃப்தான் வேற." அந்தப் பெண்ணின் குரலில் எந்தக் கள்ளமும் இல்லை. பேருந்து நேரம் சொல்வதுபோலச் சொன்னார். "வேணும்னா ரெண்டாவது மாடில அட்மின் சார்கிட்ட டிஸ்கவுண்ட் கேட்டுப் பாருங்க. எங்களால போட முடியாது."

போனேன். ஆபீஸிலிருந்து நேராக வந்திருந்ததால் கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தில் பேசினேன். பத்து நிமிடம். அவர் ஒரு சீட்டில் 18,000 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். காரணம் எதுவும் கேட்கவில்லை. ஏன் பதினெட்டு, ஏன் எட்டு அல்ல, ஏன் முப்பது அல்ல என்று நானும் கேட்கவில்லை.

கீழே வரிசையில் எனக்குப் பின்னால் ஒரு அம்மா. மஞ்சள் பையிலிருந்து பணத்தை எடுக்கும்போது அடகுக்கடை ரசீதும் சேர்ந்து வந்தது. என் கையில் இருந்த சீட்டைப் பார்த்துவிட்டு, "கம்மி பண்ணாங்களா தம்பி?" என்றார்.

"பண்ணாங்கம்மா. மேல போய்க் கேளுங்க."

"யாரக் கேக்கணும்? என்னா சொல்லிக் கேக்கணும்?"

சித்தப்பா சக்கர நாற்காலியில் வாசலில் காத்திருந்தார். புக் பண்ணிய கார் வந்துவிட்டிருந்தது. "ரெண்டாவது மாடிம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். அவருடைய இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. உண்மையில் அதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் சொன்ன எதற்காகவும் அந்தப் பதினெட்டாயிரம் குறையவில்லை. நான் யார் மாதிரி தெரிந்தேன் என்பதற்காகத்தான் குறைந்தது.

*

இதில் எனக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. படித்து முடித்து முதல் மூன்று வருடம் நான் வேலை பார்த்தது மருத்துவமனைகளுக்கான பில்லிங் மென்பொருளில். 'டாரிஃப் மாஸ்டர்' என்று ஒரு அட்டவணை அதில் இருக்கும். ஒவ்வொரு சேவைக்கும் ஒரு வரிசை. எக்ஸ்ரே, ஈ.சி.ஜி., அறை வாடகை, அறுவை அரங்கு. ஆனால் ஒரு சேவைக்கு ஒரு விலை என்று இருக்காது. யார் பணம் கட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து விலை மாறும். பொதுத்துறைக் காப்பீட்டுக்கு ஒன்று, தனியார் காப்பீட்டுக்கு ஒன்று, அரசுத் திட்டத்துக்கு ஒன்று, ஒப்பந்தம் போட்ட கம்பெனிகளுக்கு ஒவ்வொன்று. பிறகு அறையின் தரம். பொது வார்டில் படுத்தால் ஒரு விலை, தனியறை என்றால் அதே ரத்தப் பரிசோதனைக்கு வேறு விலை.

பணம் கட்டுபவர் யார் என்ற கட்டத்தை யாருமே நிரப்பாவிட்டால் எந்த விலை வரவேண்டும்? இந்தக் கேள்வி ஒரு மீட்டிங்கில் வந்தது. ஒரு மருத்துவமனையின் கணக்குப் பிரிவு மேலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அதிகபட்சத்தை வைங்க தம்பி. அப்புறம் குறைக்கிறது ஈஸி. கூட்டறதுதான் கஷ்டம்." நியாயமாகத்தான் பட்டது. அப்படியே எழுதினேன். பார்க்கப்போனால் ஒரு வரிதான்.

'செல்ஃப் பே' என்பது அந்த வெற்றுக் கட்டம். யாருடைய ஒப்பந்தமும் இல்லாத ஆள். காப்பீட்டு நிறுவனங்கள் கூடிப் பேசி விலையைக் குறைக்கின்றன. 2010-இல் பொதுத்துறைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் நான்கும் சேர்ந்து, சென்னை உட்படச் சில பெருநகரங்களில் மருத்துவமனைகளோடு பேக்கேஜ் விலைகளைப் பேசி ஒரு பட்டியலைக் கொண்டுவந்தன. இந்த அறுவைக்கு இந்த ஊரில் இவ்வளவுதான் என்று. அரசும் தன் திட்டத்துக்கு விலை பேசுகிறது. பேச ஆள் இல்லாதவருக்கு, பேசப்படாத விலை.

எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. இதற்கு நேர்மாறான கதையையும் எல்லோரும் கேட்டிருப்போம். "இன்சூரன்ஸ் இருக்கா சார்?" என்று முதலில் கேட்டுவிட்டு, இருக்கிறது என்றதும் தேவையில்லாத பரிசோதனைகளைக் கூட்டுகிற இடங்களும் உண்டு. இரண்டும் எதிரெதிராகத் தெரிந்தாலும் நோய் ஒன்றுதான். ஆளைப் பார்த்த பிறகுதான் விலை பிறக்கிறது.

*

ஆளைப் பார்த்து விலை சொல்வதில் என்ன தப்பு? தி.நகர் ரங்கநாதன் தெருவில் அதுதானே நடக்கிறது? ஒரு துப்பட்டாவுக்கு ஒருவரிடம் முந்நூறு, இன்னொருவரிடம் நூற்றைம்பது. யாரும் அதை அறமீறல் என்று சொல்வதில்லை. பேரம் பேசுவது அங்கே ஒரு சந்தோஷம்கூட.

வித்தியாசம் எளிமையானது. ரங்கநாதன் தெருவில் 'வேணாம்' என்று சொல்லிவிட்டு நடக்கலாம். நாலு அடி வைப்பதற்குள் "வாம்மா, உனக்கு என்ன விலை வேணும்?" என்று பின்னாலிருந்து குரல் வரும். அந்த நாலு அடிதான் வாங்குபவரின் பலம். ராத்திரி பதினொரு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவருக்கு அந்த நாலு அடி கிடையாது. அதோடு, துணியைத் தொட்டுப் பார்க்கலாம், வெளிச்சத்தில் பிரித்துப் பார்க்கலாம். அறுவையை யார் தொட்டுப் பார்ப்பது? எனக்கு எது தேவை என்று எனக்குச் சொல்கிறவரே அதை எனக்கு விற்பவரும். பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1963-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றின் அடிப்படை இதுதான். நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரிந்தவற்றுக்கு இடையே அவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதால், டாக்டர் ஒரு சாதாரண வியாபாரியைப்போல் நடந்துகொள்ள மாட்டார் என்ற நம்பிக்கையின் மேல்தான் மருத்துவமே நிற்கிறது என்றார் அவர்.

மருத்துவமனைகளின் தரப்பில் சொல்லப்படும் பதில் ஒன்று உண்டு. காப்பீட்டு நிறுவனம் வருடத்துக்கு நூற்றுக்கணக்கான நோயாளிகளைக் கொண்டுவருகிறது, மொத்தமாக வாங்குபவருக்கு விலை குறைப்பது எந்த வியாபாரத்திலும் வழக்கம்தானே? சரிதான். ஆனால் எந்த வியாபாரத்திலும் இன்னொரு வழக்கமும் இருக்கிறது. உஸ்மான் சாலையில் ஃப்ரிட்ஜ் வாங்கப் போனால், ரொக்கமாகத் தருகிறேன் என்றால் கொஞ்சம் குறைப்பார்கள். காத்திருக்கத் தேவையில்லை, கழிவு இல்லை, வசூல் அலைச்சல் இல்லை. காப்பீட்டு நிறுவனங்கள் வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில் இழுத்துத்தான் பணம் தருகின்றன, அதிலும் வெட்டித் தருகின்றன என்பது மருத்துவமனைகள் ஓயாமல் சொல்லும் புகார். சித்தப்பாவோ அறுவை அரங்குக்குள் போவதற்கு முன்பே ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கட்டியவர். வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் கடைசி ரூபாய்வரை தீர்த்தவர். முன்பணம் கொடுத்து, கடன் வைக்காத வாடிக்கையாளர் அதிக விலை கொடுக்கிற வியாபாரம் எனக்குத் தெரிந்து வேறு எதுவும் இல்லை.

அப்படியானால் அந்தக் கூடுதல் நாற்பதாயிரம் எதற்கான விலை? மருந்துக்கா, டாக்டரின் திறமைக்கா, அறைக்கா? இவை எல்லாம் பக்கத்துக் கட்டிலுக்கும் கிடைத்தன. மிச்சம் இருப்பது ஒன்றுதான். வேறு வழியில்லாமை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் நியாய விலை பற்றி யோசித்தபோது இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். ஒரு பொருளை விற்பதால் விற்பவனுக்கு ஏதாவது இழப்பு இருந்தால், அதை அவன் விலையில் சேர்க்கலாம். ஆனால் தனக்கு இழப்பே இல்லாதபோது, வாங்குபவனுக்கு அது மிகவும் தேவை என்ற ஒரே காரணத்துக்காக விலையை ஏற்றக் கூடாது. ஏனென்றால் அந்தத் தேவை விற்பவனுடையது அல்ல. தன்னுடையது அல்லாத ஒன்றை யாரும் விற்க முடியாது. கிறிஸ்துவ இறையியல் எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் இந்த வாதத்தைப் படித்தபோது பில் எனக்குப் புரிந்தது. சித்தப்பாவின் அவசரம் சித்தப்பாவுடையது. அதை எடுத்து அவருக்கே விற்றிருக்கிறார்கள்.

நம் பக்கத்திலும் இந்த யோசனை இல்லாமலில்லை. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரம் முடிவது வணிகத்தைப் பற்றிய குறளில். பிறர் பொருளையும் தன்னுடையதாகவே மதித்துச் செய்வதே வணிகம் என்பது அதன் கருத்து. அன்புடைமையிலோ ஈகையிலோ வைக்காமல், அதை நடுவுநிலைமையில் வைத்திருப்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். விலை என்பது கருணை சார்ந்த விஷயம் அல்ல. தராசு சார்ந்த விஷயம்.

*

"அது சரி, இன்சூரன்ஸ் எடுத்திருக்கலாமே?" இதைக் கேட்காத நண்பர் இல்லை.

சித்தப்பா கேட்டுப் பார்த்தார். அறுபது தாண்டி, சர்க்கரையும் இருப்பவருக்குச் சொன்ன பிரீமியம் கடையின் ஒரு மாத வருமானத்துக்கு மேல். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-இல் இப்போதைய பெயருக்கு மாறி, குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம்வரை தரும் நல்ல திட்டம். அதற்கான குடும்ப வருமான வரம்பு வருடத்துக்கு 1,20,000. அதாவது மாதம் பத்தாயிரம். சென்னையில் மாதம் பதினெட்டாயிரம் சம்பாதிக்கும் கடைக்காரர் அந்தத் திட்டத்துக்குப் பணக்காரர், தனியார் காப்பீட்டுக்கு ஏழை. இந்த நடுவில் விடுபட்டவர்கள் நாட்டின் மக்கள்தொகையில் ஏறத்தாழ 30 சதவீதம், சுமார் 40 கோடிப் பேர் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை கணக்கிட்டது. என் ஆபீஸ் பாலிசியில் அப்பா அம்மாவைச் சேர்க்கலாம். சித்தப்பாவுக்கு அதில் கட்டம் இல்லை.

அரசு மருத்துவமனைக்குப் போயிருக்கலாம். ராயப்பேட்டை இரண்டு கிலோமீட்டர்தான். தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது. அங்கே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 500 ரூபாய்க்கு சி.டி. ஸ்கேன் எடுத்துத் தருகிறது. ஒரு ஸ்கேனை எவ்வளவு குறைந்த விலையில் தர முடியும் என்பதற்கு அது ஒரு அளவுகோல். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு ஆட்டோ ஓட்டுநர் "எங்க சார்?" என்று கேட்டபோது நாங்கள் பக்கத்தில் இருந்ததைச் சொன்னோம். அந்த ஒரு நொடிக்கு நாற்பதாயிரம் அபராதம் என்பது எந்தக் கணக்கு?

இதில் சித்தப்பா என்னோடு உடன்படவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பில்லை வரி வரியாகப் படித்தார். பதினோரு பக்கம். மருந்துப் பட்டியலில் பேனாவால் டிக் போட்டுக்கொண்டே போனார். "எல்லாம் எம்.ஆர்.பி.தான்டா போட்ருக்கான். ஒரு ரூபா மேல போடல. அப்புறம் என்ன?" என்றார்.

முப்பது வருடமாக எம்.ஆர்.பி.யை நம்பி வியாபாரம் செய்தவர். அவருக்கு அட்டையில் அச்சடித்த விலை என்பது ஒரு சத்தியம். ஆனால் மருத்துவமனைக்குள் அந்த எண்ணுக்கு வேறு வாழ்க்கை இருக்கிறது. ஊசிக்குழலையும் கையுறையையும் நோயாளி தேர்ந்தெடுப்பதில்லை, மருத்துவமனை தேர்ந்தெடுக்கிறது. எனவே எந்தக் கம்பெனி விலையைக் குறைத்துத் தருகிறது என்பதைவிட, எது அதிக எம்.ஆர்.பி.யை அச்சடித்துக் குறைந்த விலைக்குத் தருகிறது என்பதே போட்டியாகிவிடுகிறது. 2017-இல் குருகிராமில் டெங்குவால் இறந்த ஒரு ஏழு வயதுச் சிறுமியின் பெற்றோரிடம் தரப்பட்ட பில் சுமார் 16 லட்சம். அதையொட்டிய கொந்தளிப்புக்குப் பிறகு, தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் டெல்லி வட்டாரத்தில் நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்து 2018 பிப்ரவரியில் அறிக்கை வெளியிட்டது. சில பொருட்களில் லாபம் 1,737 சதவீதம்வரை போயிருந்தது. பெரும்பாலும் எம்.ஆர்.பி.யைத் தாண்டாமலே. விலைக் கட்டுப்பாட்டுக்குள் வரும் மருந்துகள் மொத்த பில்லில் ஏறத்தாழ 4 சதவீதம் மட்டுமே.

இதை நான் விளக்கியதும் சித்தப்பா பேனாவை மூடி வைத்துவிட்டார். கோபப்படவில்லை. கொஞ்சம் அவமானப்பட்டதுபோல் இருந்தது. சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

*

இதுவரை எழுதியதைப் படித்தால், எல்லோருக்கும் ஒரே விலை என்பதே நியாயம் என்று நான் சொல்வதுபோல் தோன்றலாம். அப்படி இல்லை. அதற்கு நான் தினமும் போகும் வழியே சாட்சி.

அடையாறிலிருந்து ஆபீஸுக்குப் போகும்போது, டைடல் பார்க் பக்கத்தில் வி.எச்.எஸ். மருத்துவமனையைக் கடந்துதான் போவேன். வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ். டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958-இல் தொடங்கியது. அவருடைய யோசனை ரொம்ப எளிமையானது. ஒரு குடும்பம் நோய் வருவதற்கு முன்பே வருடச் சந்தா கட்டிச் சேர்ந்துகொள்ளலாம், சந்தா அந்தக் குடும்பத்தின் வருமானத்தைப் பொறுத்தது. 'காப்பீடு' என்ற சொல்லே இங்கே வீடுகளில் புழங்காத காலத்தில், ஆளுக்கு ஆள் விலை மாறும் ஒரு திட்டம். சர்தார் படேல் சாலையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் நிறுவி, டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வளர்த்தெடுத்தது. கட்ட முடிந்தவர்கள் கட்டுகிறார்கள், முடியாதவர்களுக்கு இலவசம் அல்லது குறைந்த கட்டணம். மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976-இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையிலும் இதேதான். அங்கே யாரும் வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. இலவசப் பிரிவா கட்டணப் பிரிவா என்பதை நோயாளியே முடிவுசெய்கிறார்.

இங்கெல்லாமும் ஒரே அறுவைக்குப் பல விலைகள்தான். ஆனால் நமக்கு அநீதி என்று தோன்றுவதில்லை. ஏன்? மூன்று காரணங்கள் என்று நினைக்கிறேன். ஒன்று, விலை சரிகிற திசை. இங்கே இல்லாதவர் பக்கம் குறைகிறது. எங்கள் பில்லில் பின்னால் ஆள் இல்லாதவர் பக்கம் ஏறியது. இரண்டு, விதி எல்லோருக்கும் தெரியும். மூன்று, அதைப் பெற யாரும் யாருடைய அறைவாசலிலும் நிற்க வேண்டியதில்லை.

இந்த மூன்றாவதுதான் என்னை உறுத்துவது. எனக்குக் கிடைத்த பதினெட்டாயிரம் ஒரு தள்ளுபடி. அரவிந்தில் ஒரு விவசாயிக்குக் கிடைப்பது ஒரு உரிமை. தள்ளுபடி, கேட்கத் தெரிந்தவனுக்குப் போகிறது. கேட்கத் தெரிவது என்பது படிப்பு, பாஷை, சட்டை, கூச்சமின்மை. அதாவது ஏற்கெனவே கொஞ்சம் வசதி. ஆகவே தள்ளுபடி என்கிற ஏற்பாடு, எவ்வளவு நல்ல மனதோடு தரப்பட்டாலும், தேவை அதிகமுள்ளவரிடமிருந்து விலகியே போகும். "கடன் சொல்லலாம், கை நீட்டக் கூடாது" என்று வளர்ந்தவர் சித்தப்பா. நான் இல்லாமல் தனியாக வந்திருந்தால் முழுப் பணத்தையும் கட்டிவிட்டு, நர்ஸுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

*

மருத்துவமனை நடத்துபவர் ஒருவர் இதைப் படித்தால் பெருமூச்சு விடுவார் என்று தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு சின்ன நர்சிங் ஹோம் டாக்டர் சொல்வார்: "அரசுத் திட்டம் குடுக்கிற ரேட்ல எனக்கு நர்ஸ் சம்பளம்கூட வராது. இன்சூரன்ஸ்காரன் வெட்டறான். அந்தப் பள்ளத்த கேஷ் பேஷன்ட்ட வெச்சுத்தான் மூடறேன்." பொய் இல்லை. விலை உச்சவரம்பு எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதும் உண்மை. 2017 பிப்ரவரியில் இதய ஸ்டென்ட்டுகளுக்கு வரம்பு வந்தது. லட்சத்துக்கு மேல் விற்றுக்கொண்டிருந்த மருந்து பூசிய ஸ்டென்ட் சுமார் 30,000 ரூபாய்க்கு இறங்கியது. பெரிய நிம்மதிதான். ஆனால் ஒரு வரியைக் குறைத்தால் வேறு வரி ஏறும் வாய்ப்பு, பதினோரு பக்க பில்லில் எப்போதும் இருக்கிறது.

ஆனால் அந்த டாக்டரின் நியாயத்தை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பாருங்கள். அரசும் காப்பீட்டு நிறுவனமும் குறைத்துக் கொடுக்கிற பணத்தை, அடகு வைத்த ஒரு அம்மா ஈடுகட்டுகிறார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவருக்கு அது தெரியவும் தெரியாது. பள்ளம் உண்மை என்பதால், மூடக் கிடைத்த மண் யாருடையது என்ற கேள்வி இல்லாமல் போய்விடாது.

முடியவே முடியாது என்றும் சொல்ல முடியாது. 2020 ஜூனில், கொரோனாவின்போது, தமிழ்நாடு அரசு தனியார் மருத்துவமனைகளுக்கு உச்சவரம்பு அறிவித்தது. பொது வார்டுக்கு மருத்துவமனையின் தரத்தைப் பொறுத்து நாளுக்கு 5,000 முதல் 7,500 வரை, தீவிர சிகிச்சைக்கு 15,000. மீறல்கள் நடந்தன, புகார்கள் வந்தன. ஆனால் முதல்முறையாக, காப்பீடு இல்லாத ஒருவர் கையில் ஒரு எண் இருந்தது. 'இவ்வளவுதானே அரசாணை?' என்று கேட்க முடிந்தது. மற்றபடி நம் சட்டங்கள் மெதுவாகத்தான் நகர்கின்றன. தமிழ்நாட்டின் தனியார் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-இல் வந்தது, அதற்கான விதிகள் 2018-இல். மத்தியச் சட்டம் 2010-இல். அதன் விதிகள் கட்டணங்களை உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதிவைக்கச் சொல்கின்றன. தமிழ்நாடு அந்தச் சட்டத்தை ஏற்கவில்லை. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கட்டண வரம்புகளை இன்னும் ஏன் நிர்ணயிக்கவில்லை என்று மத்திய அரசைக் கடிந்துகொண்டது.

பெரிய சீர்திருத்தம் வரும்வரை, ஒரு சின்ன விதியை நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. ஒரு மருத்துவமனை, ஒரு அறுவைக்கு, ஒரு வார்டில், காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து எவ்வளவு ஏற்றுக்கொள்கிறதோ, அதற்குமேல் காப்பீடு இல்லாதவரிடம் வாங்கக் கூடாது. இது கற்பனை அல்ல. அமெரிக்காவில், மருத்துவ பில்லுக்குப் பேர்போன அமெரிக்காவிலேயே, 2010 சட்டம் லாபநோக்கற்ற மருத்துவமனைகளுக்கு, உதவி பெறத் தகுதியுள்ள நோயாளிகள் விஷயத்தில் இதையேதான் விதித்தது. 2022 ஜனவரி முதல் அங்கே காப்பீடு இல்லாதவருக்கு, திட்டமிட்ட சிகிச்சைக்கு முன்பே எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். பில் அதைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால் முறையிடலாம். இந்த விதியில் யாரும் நஷ்டத்துக்கு வேலை செய்யச் சொல்லவில்லை. நீங்களே சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட விலையைத்தான், கையெழுத்துப் போட ஆளில்லாதவருக்கும் தரச் சொல்கிறோம். மென்பொருளில் சொன்னால், வெற்றுக் கட்டத்துக்கு எந்த விலை என்பதை மாற்ற வேண்டும். ஒரு வரிதான். எனக்குத் தெரியும், நான் எழுதியிருக்கிறேன்.

*

சித்தப்பா இப்போது நன்றாக இருக்கிறார். எண்ணெய்ப் பலகாரத்தை மட்டும் குறைத்துக்கொண்டார். நான் கட்டிய பணத்தை மாதம் ஐந்தாயிரமாகத் திருப்பித் தருகிறார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதி, என்னிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்.

போன மாதம் கையெழுத்துப் போடும்போது ஒரு பையன் ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்க வந்தான். பத்து ரூபாய் குறைந்தது. "நாளைக்குக் குடு" என்று கொடுத்தனுப்பினார். விலையைக் குறைக்கவில்லை, கவனித்தேன். கடன்தான்.

பிறகு நோட்டை மேஜை டிராயரில் வைத்துக்கொண்டே, திடீரென்று கேட்டார்: "அன்னிக்கி உனக்குப் பின்னாடி மஞ்சப்பை வெச்சுக்கிட்டு நின்னுதே ஒரு அம்மா, அவங்களுக்குக் கொறச்சாங்களாடா?"

சக்கர நாற்காலியில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் அதைக் கவனித்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

"தெரியல சித்தப்பா" என்றேன்.

"கூடப் போயிருக்கலாம்டா நீ" என்றார். "பத்து நிமிஷம்தானே. நான் உக்காந்துதானே இருந்தேன்."